தாத்தா சொன்ன மூன்று நாள்

"கூரையில கை வைக்க முந்தி எங்கட தாத்தாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்" என்று மடவளைத் தகரக் கடைக்கார இளைஞர் ஷப்ராஸ் ஃபோனை எடுத்தார்.

பொன்னையா கலஹாவிலிருந்து பஸ் மாறி மாறி முதன்முதலாக இந்தக் கடைக்கு வந்திருந்தார். சித்திரையில் மகள் றேணுகாவுக்குக் கல்யாணம். அவருடைய தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலோ மழை வெளியே விட்டாலும் உள்ளே விடாது. பழைய தகரத்தைக் கழற்றிப் புதியதை அடித்து முடிக்க மூன்று நாள் வேண்டும். இந்தப் பங்குனியில் பகல் சாப்பாடு முடிந்ததும் வானம் இருட்டிவிடுகிறது. திறந்து கிடக்கும் வீட்டில் ஒரு மழை விழுந்தால் கல்யாணப் புடவை, அரிசி மூட்டை எல்லாம் போச்சு. வானொலியில் தினமும் 'மழை பெய்யலாம்' என்கிறார்கள். பெய்யலாம் என்றால் பெய்யுமா, பெய்யாதா? மனுஷனுக்கு எரிச்சல் வருமா வராதா?

ஷப்ராஸ் பேசிவிட்டுத் திரும்பினார். திங்கள் காலையிலிருந்து புதன் இரவு வரை ஒரு துளி விழாதாம். வியாழன் இரண்டு மணிக்கு மேல் பிடித்தால், இரண்டு வாரத்துக்குப் பின்னேரம் தவறாமல் மழைதானாம்.

"நம்பிப் பிரிக்கலாமா, மொதலாளி?"

"தாத்தா செல்லிட்டாங்கண்டா செல்லிட்டாங்கதான். எங்கட ஊர்ல கல்யாணத்துக்கு நாள் வைக்கிறதே அவங்கள்ட்ட கேட்டுத்தான்."

லயத்தில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கேயோ இருக்கிற கிழவர் பேச்சைக் கேட்டு யாராவது கூரையைப் பிரிப்பார்களா என்று மனைவி சண்டை பிடித்தாள். அந்தத் தாத்தாவுக்கு முதலில் கண் தெரியுமா என்று அடுத்த வீட்டுச் சுவக்கின் கேலி செய்தார். பொன்னையா ஏணியைச் சாத்தினார்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்தது. பொன்னையா ஓடிப்போய் அரிசி மூட்டைமேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டார். நான்கு மணிக்கு வெயில் திரும்பி வந்துவிட்டது. செவ்வாய் பளிச்சென்று இருந்தது. புதன் மாலை கடைசி ஆணியும் இறங்கியது.

வியாழன் இரண்டு பத்துக்கு முதல் இடி. பிறகு கொட்டியது பாருங்கள், அப்படி ஒரு மழை! பக்கத்து வீட்டில் சுவக்கின் சட்டியும் வாளியுமாக ஒழுகல் ஏந்திக்கொண்டிருந்தார். பொன்னையா வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. நடுவீட்டில் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்று மகளைக் கட்டிக்கொண்டார். மனைவி கூட மெல்ல, "அந்தப் பெரியவர சும்மா விடக்கூடாதுங்க, ஏதாவது செய்யணும்" என்றாள்.

சனிக்கிழமை, தேயிலைக் கட்டையில் தன் கையாலேயே இழைத்துப் பளபளப்பாக்கிய ஒரு கைத்தடியோடு மடவளையில் போய் இறங்கினார்.

"தாத்தாவ நேர்ல பாக்கணும், மொதலாளி."

"உள்ளுக்குத்தான் ஈக்கிறாங்க. தாத்தா, ஒங்களத் தேடி ஆள் வந்தீக்கி!"

திரை விலகியது. மடிக்கணினியும் கையுமாக முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் வந்து நின்றாள்.

"இவங்கதான் எங்கட தாத்தா, இன்ஷிரா. கம்பஸ்ல வானிலை படிப்பிக்கிறாங்க" என்ற ஷப்ராஸ், பொன்னையா முழிப்பதைப் பார்த்துச் சொன்னார்: "கூடப் பொறந்த அக்காவத்தான் நாங்க தாத்தாண்டு கூப்புடுவோம்."

பொன்னையா கைத்தடியை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ஒளிக்காதீங்க, தாங்க" என்று இன்ஷிரா சிரித்தபடி கை நீட்டினாள். "மழை அளக்குற கருவியக் கட்டி வைக்க இப்பிடி ஒரு கம்புதான் நான் தேடிக்கிட்டிருந்தேன்."