துணைக்கு வந்தவர்

"எத்தனை நாளா அரிப்பு?" என்று டாக்டர் கேட்டதும், அவள் கதவைத்தான் பார்த்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"மூணு வாரமா" என்றாள். பாதி காற்றுதான் வந்தது.

சலவைக்கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவள். அரிப்பும் எரிச்சலும் தாங்காதபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தாள். பால் திரிந்ததுபோல் வெள்ளை பட்ட அன்றுதான் பயம் பிடித்துக்கொண்டது.

கணவனுக்குக் கப்பலில் வேலை. போய் ஒன்பது மாதம்.

அவன் இல்லாத நேரத்தில் இப்படியொரு நோய் என்றால், கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்? மற்றவர்கள் கிடக்கட்டும். மாமியார் மகனுக்குப் போன் போட்டால்?

மாமியாருக்குச் சந்தேகம் தட்டிவிட்டிருந்தது. துவைக்கப் போட்ட உள்பாவாடையை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததை இவள் கண்ணால் பார்த்தாள். காலையில், "இடுப்பு வலி, லேடி டாக்டரைப் பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டர் பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"வெறும் பூஞ்சைத் தொற்றும்மா. எல்லார் உடம்புலயும் கொஞ்சம் இருக்கிறதுதான், உங்களுக்குப் பெருகிடுச்சு. யார்கிட்டயிருந்தும் ஒட்டினது இல்ல."

போன மாதம் பல்வலிக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் கிளப்பிவிட்டிருக்கலாம் என்றார். ஆறு நாள், படுக்கும்போது உள்ளே வைக்கிற மாத்திரை. சோப்புப் போட்டு உள்ளே கழுவவே கூடாது. குறையாவிட்டால் திரும்ப வர வேண்டும்.

அவள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டாள். யாரிடமிருந்தும் ஒட்டவில்லை. சரி, அதை மாமியார் நம்ப வேண்டுமே!

வெளியே வந்தாள்.

மாமியார் எழுந்து கையை நீட்டினார். மருந்துச் சீட்டை வாங்கி, கண்ணை இடுக்கி எழுத்துக் கூட்டிப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை போலும். வராந்தாவை இருபக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அரிப்புக்குத்தானே?"

அவள் அவசரமாகச் சொன்னாள், "சத்தியமா அத்தை, இது யார்கிட்டயிருந்தும்..."

மாமியார் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"எனக்கு நாலு வருஷமா இருக்கும்மா. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல. என்னையும் உள்ள கூட்டிட்டுப் போறியா?"