வெள்ளைத் தவளை

இப்போதெல்லாம் துக்கம் கேட்க வருகிறவர்கள் காரணத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள்.

உட்காருகிறார்கள். காப்பி குடிக்கிறார்கள். "கால் வழுக்கிட்டு, பாவம்" என்கிறார்கள். வாசலில் வண்டியை எடுக்கும்போதே வேறு பேச்சு.

ஒருத்தனாவது ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தானா?

போலீஸ்காரர் எழுதியதும் அதுதான். மகனைப் பறிகொடுத்த அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. எந்த இடத்தில் 'வழுக்கி' என்று இருக்கிறது, விரலை வைத்துக் காட்டுங்கள் என்றார். காட்டினார்கள். ரொம்பச் சின்னதாக இருந்தது.

பதினாறு முடிந்த மறுநாள் காலையில் மகனின் தூண்டில் கம்பையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார்.

படித்துறையின் கடைசிப் படி. கம்பும் பெட்டியும் செருப்பும் கிடந்த இடம்.

ஐப்பசித் தண்ணீர் இன்னும் தெளியவில்லை. கைவிட்டால் கை தெரியாது. அன்றைக்கும் இப்படித்தான்.

தூண்டில் நரம்பின் நுனியில் இரையாகக் கட்டிய ரப்பர் தவளை தொங்கியது. போலீஸ் திருப்பிக் கொடுத்தபடியே.

வெள்ளை.

மண்புழுவைத் தவிர எதையும் நம்பாதவர் அவர். ரப்பரைக் கடிக்கிற மீன் பட்டினி கிடந்து சாகட்டும் என்பார். ஆனாலும் மகன் சொன்னதெல்லாம் காதில் விழுந்துதான் இருந்தது. தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை. கலங்கலுக்குக் கறுப்பு; கீழேயிருந்து பார்க்கிற விராலுக்குக் கறுப்புதான் நிழலாகத் தெரியும். கரையை ஒட்டி எறி. மெதுவாக இழு. தவளையின் வயிற்றில் உள்ள குண்டு குலுங்கட்டும், சத்தத்துக்கு வரும்.

கலங்கலில் வெள்ளையைக் கட்டுகிறவனைக் கண்டால் மகன் விடமாட்டான்.

"யாருக்குலே காட்டுத? மீனுக்கா, கொக்குக்கா?"

பெட்டியைத் திறந்தார். கறுப்புத் தவளைகள் நாலும் அதனதன் குழியில் இருந்தன.

மகன் இறந்த அன்று காலையில் அவனிடம் அவர் சொன்னது இது: "முப்பத்திரெண்டு வயசு. தவளைய எறிஞ்சிட்டுத் திரியுத. நீ இருந்து யாருக்கு என்ன?"

வழுக்கியிருந்தால் அது வெறும் சொல்.

வெள்ளைத் தவளையை எறிந்தார்.

மெதுவாக இழுத்தார்.

ஒரு மீன் கடித்தால் போதும். கடித்தால், கட்டியவன் மீனுக்காகத்தான் கட்டினான் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெயில் ஏறியது. தோள் விட்டுப்போயிற்று. மகனோடு எப்போதும் மீன்பிடிக்க வருகிற சொரிமுத்து மேலே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். பக்கத்தில் நின்றான்.

கோரை ஓரத்தில் தண்ணீர் வெடித்தது.

கம்பு வளைந்தது. அவருக்கு இழுக்கத் தெரியவில்லை. சொரிமுத்து கைகொடுத்தான். முழங்கை நீள விரால் படியில் விழுந்து துள்ளியது. வாய்க்குள் பாதி வெள்ளை.

"பாத்தியளா மாமா!" சொரிமுத்து மீனின் வாயைக் காட்டினான். "வெள்ளைக்கும் அடிக்கத்தான் செய்யுது. அவன் மீனுக்குத்தான் வந்திருக்கான் மாமா. வழுக்கித்தான்..."

அவர் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார்.

இவனிடம் யாரும் வெள்ளையைப் பற்றிக் கேட்கவே இல்லை. இவனும் அதைக் கவனித்திருக்கிறான்.

குனிந்து கொக்கியைக் கழற்றினார். விராலைத் தண்ணீரில் விட்டார். ஒரு சாண் போவதற்குள் காணாமல் போனது.

"கடிச்சிட்டு, சரி. கடிக்கும்னு அவனுக்குத் தெரியாதுல்லா."

கம்பைச் சொரிமுத்துவின் கையில் கொடுத்தார். படியில் வெறுங்காலை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்.

வழுக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார்.

பிறகு மேலே ஏறிப் போனார்.