ஞாயிற்றுக்கிழமை கார் பந்தயம்

கல்யாணமான நாளிலிருந்து பன்னிரண்டு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கணவனும் மனைவியும் அந்தப் பழைய கேம் பெட்டியில் கார் பந்தயம் ஆடுவார்கள். இன்று டிஸ்க்கை உள்ளே வைத்த பிறகும், திரை 'டிஸ்க்கைப் போடவும்' என்றே அடம்பிடித்தது.

கணவன் டிஸ்க்கைத் துடைத்தான், ஊதினான், பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"விடுங்க, எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டுவீங்க?" என்றாள் மனைவி.

"நீ ஆசையா ஆடுறதாச்சே. மனசு கேக்கல."

அந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி வந்து சேர்ந்தான். டிவி பழுது பார்ப்பவன். "இதெல்லாம் எனக்கு ஜுஜுபி அத்தான்" என்று பெட்டியின் மூடியைத் திறந்தான்.

"லென்ஸ் மேல யாரு கறுப்பு டேப் ஒட்டினது?"

கணவனுக்கு முகம் வெளிறியது. வியாழக்கிழமை, மனைவி குளிக்கப் போன நேரத்தில் ஒட்டியது அவன்தான். அந்தக் கார் சத்தம் கேட்டாலே அவனுக்குத் தலைவலி. ஆனால் அவள் ஆசையில் எப்படி மண்ணைப் போடுவது?

மச்சினன் டேப்பை உரித்தான். "இருங்க, இன்னொண்ணும் இருக்கு. மூடியில இருக்கிற முளை, உள்ளே இருக்கிற சுவிட்சை அமுக்கினாத்தான் டிஸ்க் சுத்தும். அந்த முளையையே யாரோ நகவெட்டியால வெட்டியிருக்காங்க!"

அதைக் கணவன் தொடவே இல்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தான். மனைவி மின்விசிறியை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் பிடிக்குமேன்னுதாங்க இத்தனை வருஷமா..." என்று இழுத்தாள்.

"அஞ்சே நிமிஷம் அக்கா, புதுசு மாதிரி ஆக்கித் தரேன்!" என்றான் தம்பி.

"வேணவே வேணாம்!" என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள். "நீயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு!"