இரண்டு கிலோ இடம்

பெட்டி தராசில் ஏறியதும் மண்டியே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

மூட்டைகளோடு காத்திருந்த குடியானவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை மண்டியில் நீல நிறச் சக்கரப் பெட்டி ஒன்று எடைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

நாலு பேர் எட்டிப் பார்க்க வேண்டும் என்றுதான் மண்டி முதலாளி சகாதேவன் அதை இங்கே கொண்டுவந்திருந்தார்.

அவருடைய மகள் அபிநயா இன்று ராத்திரி மேல்படிப்புக்காக இங்கிலாந்து போகிறாள். மண்டி வாசலில் பேனர் நிற்கிறது. அதில் லண்டன் மணிக்கூண்டு உண்டு, விமானம் உண்டு, இன்னும் வாங்காத பட்டத்துக்கு முன்கூட்டியே மாட்டிவிட்ட கறுப்பு அங்கி உண்டு. 'கல்வித் தாரகையே, வென்று வா!' தாரகையைவிடத் தாரகையின் தகப்பனார் படம் ஒரு சுற்றுப் பெரிது. அவள் போகிற ஊருக்கு லண்டனிலிருந்து ரயிலில் நாலு மணி நேரம் போக வேண்டும். பேனருக்கு அதெல்லாம் தெரியாது.

வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் செங்கம் ரோடு லாட்ஜில் வேலை பார்க்கும் அவர் மச்சான் அறிவுச்செல்வன், அவர்கள் பெட்டியை மாட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றை நேற்றே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். சகாதேவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மண்டி வெச்சிருக்கறவன் ஊட்டுப் பெட்டி கொக்கியிலயா தொங்கணும்? மானம் பூடும்டா. தூக்கு பெட்டிய!"

விமானத்தில் இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள். மேலே போனால் அத்தனை பேர் முன்னாலும் பெட்டியைப் பிரித்துக் கொட்ட வேண்டியதுதான்.

சிவப்பு எண்கள் துள்ளின, தடுமாறின, நின்றன.

இருபத்தொன்று.

"இன்னும் ரெண்டு கிலோ எடம் கீது!" சகாதேவன் முகமெல்லாம் பல்.

கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பொறுக்கு மணியாக அவரே பார்த்துப் பார்த்து எடுத்து, பதமாக வறுக்கச் சொல்லிக் கட்டியது. சரியாக இரண்டு கிலோ. அந்த ஊர்க் குளிரில் மகள் நம்ம மண்டிக் கடலையை, நம்ம ஊரு மல்லாட்டையை, கொறிப்பாள் என்பதை அவர் ஒரு வாரமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தார்.

"வேணாம்பா" என்றாள் அபிநயா. "பெட்டி ரொம்பிடுச்சி."

"தராசே சொல்லுது, நீ இன்னா ரொம்பிடுச்சின்ற?"

"பாப்பாவுக்கு இப்பவே நம்ம ஊரு மல்லாட்டை எறங்கலியாட்டம்" என்று மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பச்சையம்மாள் சீண்டினாள். சிரிப்பு எழுந்தது.

அபிநயா மண்டிக்கு வந்தே வருஷக்கணக்காகிறது. சின்ன வயதில் பள்ளி விட்டதும் நேராக இங்கேதான் ஓடி வருவாள். தராசுப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு மூட்டையின் எடையையும் கணீரென்று படித்துச் சொல்வாள். ப்ளஸ் ஒன் படிக்கும்போது திடீரென்று நின்றுவிட்டாள். 'படிப்புன்னா அவளுக்கு உசுரு, மண்டிப் பக்கமே தலை வெக்கமாட்டா' என்று சகாதேவன் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

இப்போது அவர் பெட்டியின் ஜிப்பில் கை வைத்தார். அவள் குனிந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா குடுத்த கொக்கியில காலையிலயே தூக்கிப் பாத்துட்டேன்பா. கரெக்டா இருபத்து மூணு." அவர் காதுக்கு மட்டும் கேட்டது. "ஏர்போர்ட்ல இருக்கறது நம்ம தராசு இல்லப்பா."

சகாதேவன் சிவப்பு எண்களைப் பார்த்தார்.

முதலாளியிடம் இல்லாத அடக்கம் அந்தத் தராசிடம் உண்டு. எதைத் தூக்கி வைத்தாலும் இரண்டு கிலோ குறைத்தே சொல்லும். அந்த அடக்கத்தை அதற்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கற்றுக்கொடுத்தது பழகிப் பழகி, இன்று அவரே அதன் பேச்சை நம்பிவிட்டார்.

அவள் நம்பவில்லை. ப்ளஸ் ஒன்னிலிருந்தே.

பெட்டியை இறக்கினார்கள். அந்த இடத்தில் பச்சையம்மாளின் மூட்டை ஏறியது.

"பாப்பா, கண்ணாடி எடுத்தாரல. முன்ன மாதிரி நீயே படிச்சிச் சொல்லிட்டுப் போ கண்ணு. நீ சொன்னா எனக்கு ஒரு திருப்தி."

அபிநயா எண்களைப் பார்த்தாள். பச்சையம்மாளைப் பார்த்தாள்.

"அப்பா சொல்லுவாரு பெரிம்மா."

பெட்டியை உருட்டிக்கொண்டு வாசலில் நின்ற காருக்குப் போய்விட்டாள்.

சகாதேவன் தராசைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். 'சரியான எடையே எங்கள் பெருமை' என்று எழுதியிருந்த சுவரை மட்டும் பார்க்கவில்லை.

"முப்பத்தெட்டு" என்றார். தராசு சொன்னதுதான்.

சொல்லிவிட்டு, கையிலிருந்த பொட்டலத்தைப் பச்சையம்மாள் மடியில் வைத்தார்.

"இன்னா மொதலாளி, பாப்பாவுக்குக் கட்டுனத எனக்குத் தர்றீங்க?"

"வெச்சிக்க பச்சையம்மா. வெச்சிக்க."

அவள் பொட்டலத்தை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினாள். "பாத்துக்கங்கடா! எடைக்கு மேல ரெண்டு கிலோ குடுக்கற மண்டி இந்த ஜில்லாவுல வேற எங்கனா கீதா?"

மண்டியே கை தட்டியது.

கார்க் கண்ணாடி ஏறியிருந்தது. பேனரில் இருந்த அபிநயா மட்டும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.