சனிக்கிழமைப் பெண்

சனிக்கிழமை ஆனால் போதும். தங்கச்சி சலவைக் கடை வேலைக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்திலேயே அவள் வீட்டுக்குள் ஒருத்தி நுழைவாள்.

பொழுது சாய்கிற வெளிச்சத்தில் முகம் தெரியாது. முடிதான் தெரியும். ஒரு வாரம் சுருட்டை, ஒரு வாரம் செம்பட்டை. தங்கச்சி மாப்பிள்ளை கதவைத் திறந்து, "வாங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். கதவு சாத்திக்கொள்ளும்.

எதிர்வீட்டு ஜன்னலில் நின்று அக்காக்காரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இந்த வாரம் தங்கச்சி கண்ணிலேயே படவில்லை. விஷயம் தெரிந்து படுத்துவிட்டாளோ? அதற்குமேல் பொறுக்காமல், மாப்பிள்ளை வேலை பார்க்கும் காளைப் பண்ணைக்கே போய்விட்டாள்.

போன நேரம் அப்படி. விந்து எடுக்கக் காளையைக் கொட்டகைக்குள் கொண்டுவந்திருந்தார்கள். எதிரே கம்பிச் சட்டத்துக்குள் ஒரு மாடு. காளை ஒருதரம் முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மாப்பிள்ளை அந்த மாட்டை வெளியே ஓட்டிப்போய், ஒரு கோடு போட்ட சாக்கைப் போர்த்தி, வேறு வாசல் வழியாகக் கூட்டிவந்தார். காளை அதைச் சீண்டவேயில்லை. சாக்கைத் தாண்டி அக்காவையே பார்த்தது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அப்புறம் வேறொரு மாடு வந்தது. அதுவரை மரமாட்டம் நின்ற காளைக்கு உடம்பெல்லாம் உயிர் வந்துவிட்டது.

"பழகினது அதுக்கு ஆகாதுக்கா. சாக்கு போட்டாலும் ஏமாறாது," என்றார் மாப்பிள்ளை, கையைத் துடைத்துக்கொண்டே.

"காளைக்கு மட்டுந்தானா? உங்க வீட்டுலயும் சனிக்கிழமை அந்தக் கூத்துதானே நடக்குது. எத்தனை பேரு மாப்பிள்ளை?"

அவர் கோபப்படவில்லை. கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார்.

"ஒருத்திதான். உங்க தங்கச்சி."

ஒருநாள் சாப்பிடும்போது இந்தக் காளைக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அவள் சிரிக்கவில்லையாம். அடுத்த சனிக்கிழமையே, சலவைக்கு வந்த யாரோ ஒருத்தி உடுப்பை மாட்டிக்கொண்டு, டோப்பா முடியும் புது சென்ட்டுமாக வந்து கதவைத் தட்டியிருக்கிறாள்.

"தட்டினதுலயே தெரிஞ்சுபோச்சு. நான் காளை இல்லையேக்கா, எனக்குப் பழகினவதான் வேணும். அதைச் சொன்னா கூசிப்போயிடுவாளேன்னு, பேர் என்னன்னு கேட்டு உட்கார வெச்சேன். வாராவாரம் கேட்டேன்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம் என்றிருந்தது. இன்றைக்கே அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், இரண்டு பேரும் ஒரு சிரிப்பு சிரித்து முடித்துவிடுங்கள் என்றாள்.

மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை.

"போன சனிக்கிழமை வந்தவ இன்னும் போகலைக்கா. டோப்பாவைக் கழட்ட மாட்டேங்கறா. நேத்து அவ சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வாசலை எட்டிப் பாத்துட்டு எங்கிட்ட வந்து, 'மெதுவாப் பேசுங்க, உங்க சம்சாரம் வந்துடப்போறாங்க'ங்கறா."