மீனுக்கு இல்லாத மோட்டார்

"மீன் பிடிக்கிற மோட்டார்ல நான் கை வைக்க மாட்டேன். எங்க ஜைன மதத்துல உயிர்க்கொலை ஆகாது" என்றார் திண்டிவனம் மெக்கானிக் ஜீவேந்திரன்.

மரக்காணத்திலிருந்து பழைய படகு மோட்டாரைச் சுமந்து வந்திருந்த பச்சைமுத்து, அதைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"மீனுக்கு இல்லீங்க நயினாரே, எல்லையம்மா மேல சத்தியம்! மத்த போட்டெல்லாம் முந்திக்கினு போவுது. வூட்ல அடுப்பு எரியலீங்க."

கழுவெளி ஏரியில் படகுச் சவாரி ஏற்றுகிறவன் போலும் என்று ஜீவேந்திரன் நினைத்தார். மனம் இளகிவிட்டது. வேகம் கூட, இன்ஜின் ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவினார். புகை போகும் துளையை அரத்தால் ராவி அகலமாக்கினார். பத்து நாள் உழைப்பில் மோட்டார் சீறியது.

மறு மாதம் பச்சைமுத்து கும்பிட்டபடி வந்தான்.

"இப்ப எல்லாருக்கும் முன்னாடி நம்ம போட்டுதாங்க! வெயில் ஏர்றதுக்குள்ள நாலு கூடை ரொம்பிடுது!"

"கூடையா? மீனுக்கு இல்லன்னு சத்தியம் பண்ணினியே!"

"ஐயய்யோ, மீனு ஒண்ணுகூட இல்லீங்க. அத்தனையும் எறாலு! எக்ஸ்போர்ட் லாரி கரைக்கே வருது."

ஜீவேந்திரன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்த நன்றிக்குத்தாங்க, போட்டுல பெருசா பெயின்ட்டுல எழுதிட்டேன்: 'ஜீவேந்திரன் துணை'!"