சும்மா இருக்காத கை

"நிறுத்துங்க! யாரு அது? மறுபடியும் யாரு?"

ஒத்திகை நடத்திக்கொண்டிருந்த ஹெனி கத்திய கத்தலில் மருத்துவமனைக் கூடத்தில் மருந்துச் சீட்டோடு போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

பாட்டு நின்ற பிறகும் ஒரே ஒரு அங்க்லுங் மூங்கில் வாத்தியம் மட்டும் கடகடவென்று ஆடி ஓய்ந்தது.

"நான்தான் இபு. மன்னிச்சுக்கங்க. என் கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றாள் இரண்டாம் வரிசையில் நின்ற நர்ஸ் லிலிஸ். இந்தோனேசியாவின் பாண்டுங்கில் மரியாதைக்குரிய பெண் என்றால் இபு, ஆண் என்றால் பாக், சின்னப் பெண் என்றால் நெங்.

"நேத்தும் நீதான், முந்தாநாளும் நீதான். ஊசி போடும்போதும் இப்படித்தான் ஆட்டுவியா, நெங்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹெனிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஆளுக்கு ஒரு அங்க்லுங், அதற்கு ஒரே ஒரு சுரம். தன் முறை வரும்போது அந்த மூங்கிலை ஆட்ட வேண்டும், மற்ற நேரம் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். பாண்டுங்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செய்கிற காரியம்தான்.

ஆனால் இது நன்றி விழா. புது மருந்துகளைச் சோதிக்கத் தங்கள் உடம்பையே கொடுத்தவர்களுக்காக ஆராய்ச்சி மருத்துவமனை வருஷா வருஷம் நடத்துவது. நோயாளிகளும் ஊழியர்களும் ஒரே மாதிரியான பாத்திக் பூவேலைச் சட்டையில் கலந்து நின்று வாசிப்பார்கள். யார் நோயாளி, யார் ஊழியர் என்று விருந்தாளிகளுக்குத் தெரியவே கூடாது என்பது ஹெனியின் யோசனை. பாட்டின் நடுவில், அந்த வருஷம் இறந்துபோனவர்களுக்காகக் கொஞ்ச நேரம் மௌனம். அவர்களுடைய குடும்பங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

போன வருஷம் சரியாக அந்த மௌனத்தில் யாருடைய போனிலோ தங்துத் குத்துப்பாட்டு அலறியது. மருத்துவமனை இயக்குநர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, இபு ஹெனி, அப்புறம் வெறும் பேச்சும் சாப்பாட்டுப் பொட்டலமும்தான். ஆட்டம் பாட்டம் எதுவும் கிடையாது."

இன்னும் சற்று நேரத்தில் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். இந்தப் பெண்ணோ கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள்!

லிலிஸின் பக்கத்தில் நின்ற பாக் ருஹியாத், வாயைத் திறந்தாலே வார்டையே சிரிக்க வைக்கிற மனிதர், அங்க்லுங்கை மார்போடு அணைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார்.

"இபு, அது வந்து..."

"நீங்க சும்மா இருங்க பாக்" என்று லிலிஸ் முந்திக்கொண்டாள். "தப்பு என்னுது. இனிமே ஆடாது இபு."

"நம்புறதுக்கு இனிமே நேரம் இல்லை. மருந்தகத்துலேர்ந்து சேசேப்பை வரச் சொல்லு. உன் அங்க்லுங்கை அவன்கிட்ட குடுத்துட்டுப் போ."

லிலிஸின் முகம் செத்துவிட்டது.

"இபு, நான் வாசிக்கவே வேண்டாம். கையில வச்சுக்கிட்டு இதே இடத்துல சும்மா நிக்கிறேனே."

"சும்மா நிக்கத்தானே உனக்கு வரல!"

அவள் போய்த் தூண் ஓரமாக நின்றுகொண்டாள். ஒரு வேலை முடிந்தது என்று ஹெனி பெருமூச்சு விட்டாள்.

கூடம் நிறைந்தது. கடைசிப் பாட்டில் எல்லோரும் சேர்ந்து வாசிக்க விருந்தாளிகளுக்கும் ஆளுக்கு ஒரு அங்க்லுங் கொடுத்தார்கள். ஹெனியின் கையிலும் ஒன்று இருந்தது. பாட்டு தொடங்கியது. சேசேப் பிசகவே இல்லை. ஹெனி விரல் நகத்தைக் கடித்தபடி நின்றாள்.

மௌனம் வந்தது. எல்லோரும் தலை குனிந்தார்கள்.

கடகட... கடகட...

ஹெனிக்கு ரத்தம் தலைக்கேறியது. சட்டென்று தூண் பக்கம் திரும்பினாள். லிலிஸ் வெறுங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கண் இரண்டாம் வரிசையில் இருந்தது.

அங்கே பாக் ருஹியாத் இடது கையால் தன் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். பிடிக்கப் பிடிக்க அது அதிகமாக ஆடியது. வியர்வை வழிந்தது. ஜோக்கடிக்கும் அந்த வாய் கோணிக்கொண்டு போயிற்று.

முன்வரிசையின் ஓரத்தில் அவர் மனைவி, முகமெல்லாம் பூரிப்பாகப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். விழாவுக்கு வந்தபோது வாசலில் அந்த அம்மா வாழைப்பழ பஜ்ஜிப் பொட்டலத்தை நீட்டிச் சொன்னது ஹெனிக்கு இப்போதுதான் உறைத்தது. "புது மருந்து பிரமாதம் இபு. கை நடுக்கமே நின்னுபோச்சாம். நம்பலேன்னா விழாவுக்கு வந்து பாருன்னார். அதான் வந்துட்டேன்."

கடகட... கடகட...

முன்வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது. இன்னொன்றும் நிமிர்ந்து, சத்தம் எங்கே என்று தேடியது. இயக்குநர் நாற்காலியில் பாதி எழுந்துவிட்டார்.

ஹெனி தன் கையில் இருந்த அங்க்லுங்கைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினாள்.

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அந்த அம்மாவின் போனும் திரும்பியது. மறுபடி பாட்டு தொடங்கி, இரண்டாம் வரிசையின் சத்தத்தை எல்லாச் சத்தத்தோடும் சேர்த்துக்கொள்ளும்வரை அவள் நிறுத்தவில்லை.

இயக்குநர் முகம் சிவக்க அவள் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "செத்துப்போனவங்களுக்கான மௌனம் இபு ஹெனி! எல்லாரையும் அடக்குற நீங்களே இப்படியா? என்ன ஆச்சு உங்களுக்கு?"

ஹெனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க பாக். என் கை சும்மா இருக்க மாட்டேங்குது."